எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவது? ஒரு வெள்ளவத்தைக் கணக்கு

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதலாவது, வவுனியாவிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி. 29 வயது, சிவில் எஞ்சினியர், கட்டட ஒப்பந்தக் கம்பனி ஒன்றில் வேலை. "அண்ணா, எஞ்சினியர்மாரின் நிறுவனத்தில் சேரச் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்திலும் சேரச் சொல்கிறார்கள், என்னிடம் இருப்பது ஒரு சந்தாவுக்கான காசும் கிழமையில் ஒரு பின்னேரமும்தான், எதில் போடுவது?" இரண்டாவது, வங்கியில் பதினாறு வருடம் வேலை செய்துவிட்டுப் பதவி உயர்வின் வாசலில் நிற்கும் ஒரு அக்கா, தொழிற்சங்கத்தில் இருப்பதா விலகுவதா என்று அவருக்குக் குழப்பம். மூன்றாவது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். லயன்ஸ் கழகத்துக்கு நண்பர் கூப்பிடுகிறார், தமிழ்ச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகவும் ஆசை, "மனுசி இரண்டும் வேண்டாமாம், வீட்டில் இருக்கட்டாம்."

எனக்கு இதில் என்ன தகுதி என்று கேட்டால், ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் ஐந்து சங்கங்களில் இருந்தேன், அதில் இரண்டில் பொருளாளர். பொருளாளர் என்றால் மற்றவர்களின் சந்தாவைக் கேட்டுத் திரிகிறவர். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன், ஆகவே கொஞ்சம் கசப்பு இருக்கும்.

## முதலில் அளவுகோல்கள்

சங்கத்தின் நோக்கங்கள் என்று யாப்பில், அதாவது சங்கத்தின் சட்டதிட்டத்தில், எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். எல்லா யாப்பிலும் ஒரே நோக்கங்கள்தான், உறுப்பினரின் நலன், சமூக மேம்பாடு, இத்யாதி. நான் பார்ப்பது இவற்றை:

அவர்களிடம் மட்டும் இருக்கும் சாவி என்ன? வேறெங்கும் கிடைக்காத ஏதாவது ஒன்றை அந்தச் சங்கம் தருகிறதா: தொழில் செய்யும் உரிமை, பேரம் பேசும் பலம், நூலகம், ஒரு மண்டபம், எதுவாகவும் இருக்கலாம்.

சந்தாவுக்கு மேலே எவ்வளவு போகும்? இதைப் பற்றிக் கீழே என் சொந்தக் கணக்கையே தருகிறேன்.

எந்த மொழியில் எழுந்து நின்று "இல்லை" என்று சொல்லலாம்? கொழும்பில் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சின்ன விடயம் இல்லை. கூட்டம் விளங்குவது வேறு, கூட்டத்தில் சண்டை பிடிக்க வருவது வேறு. சிங்களத்தில் மரக்கறி பேரம் பேசத் தெரிந்தவருக்கு யாப்புத் திருத்தம் ஒன்றை எதிர்த்துப் பேச வராது. பேச முடியாத சங்கத்தில் நீங்கள் சந்தாதாரர் மட்டும்தான்.

கணக்கு வைக்கிறார்களா? கணக்காய்வு செய்த அறிக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் கையில் கிடைக்கிறதா, அல்லது கூட்டத்தன்று தேத்தண்ணிக்கும் கட்லட்டுக்கும் நடுவில் வாசித்துவிட்டு "முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன்" என்று முடிகிறதா.

விலகினால் என்ன ஆகும்? சிலதில் ஒன்றும் ஆகாது. சிலதில் வேலையே போகும். சிலதில் பம்பலப்பிட்டிப் பிள்ளையார் கோயிலில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்புவார்கள்.

கஷ்டமான நாளில் யார் வருவார்கள்? வேலை போன நாள், வீட்டில் சாவு விழுந்த நாள், பொலிஸ் கூட்டிக்கொண்டு போன நாள். மூன்றுக்கும் வெவ்வேறு ஆட்கள்தான் வருவார்கள் என்பதைப் பலர் பிந்தித்தான் அறிகிறார்கள்.

## தொழில்வாண்மைச் சங்கம்

இங்கே முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வைத்தியர்களைப் பாருங்கள். இலங்கை மருத்துவ சபை என்பது பதிவு செய்கிற சட்டபூர்வ அமைப்பு, அதில் பெயர் இல்லாவிட்டால் வைத்தியம் பார்க்க முடியாது. இலங்கை மருத்துவ சங்கம் என்பது 1887இல் பிரித்தானிய மருத்துவ சங்கத்தின் கிளையாகத் தொடங்கியது, கல்விக்கும் ஆய்வுக்குமான சங்கம், விரும்பினால் சேரலாம். அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் தொழிற்சங்கம், வேலைநிறுத்தம் செய்வது அவர்கள்தான். மூன்றின் பெயரும் தமிழில் எழுதும்போது ஒன்றுபோலவே இருக்கும், பத்திரிகைக்காரர்களே மாற்றி எழுதுகிறார்கள். சட்டத்தரணிகளுக்கும் அப்படித்தான்: சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொள்வது உயர் நீதிமன்றத்தில், சட்டத்தரணிகள் சங்கம் வேறு. ஆகவே உங்கள் துறையில் உரிமம் தருகிறவர் யார், சங்கம் நடத்துகிறவர் யார், சம்பளத்துக்காகச் சண்டை பிடிக்கிறவர் யார் என்று மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். ஒருவருக்குக் கட்டிய காசை மற்றவரிடம் கேட்டு ஏமாற வேண்டாம்.

எஞ்சினியர்களின் கதை எனக்குப் பிடித்தது. இன்றைய இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் வேர் 1906இல் தொடங்கிய இலங்கைப் பொறியியற் சங்கம். டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின்சாரம் பற்றிய தன் கட்டுரையை 1918இல் வாசித்தது அந்தச் சங்கத்தின் முன்னால்தான். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். முப்பத்திரண்டு வருடம்! ஆனால் அரசாங்கம் காது கொடுக்காத ஒரு யோசனை சக தொழிலாளிகளின் முன்னால் வைக்கப்பட்டு, பதிவாகி, பிழைத்துக் கிடந்தது. சங்கத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

இனி நடைமுறை. எஞ்சினியர் என்றால் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பொறியியல் பேரவையில் பதிவு ஒரு பக்கம், நிறுவனத்தின் உறுப்புரிமை இன்னொரு பக்கம். நிறுவனத்தில் கிடைக்கும் பெரிய சாவி "பட்டயம்" (Chartered) என்ற சொல். அதற்கு அனுபவ வருடங்களும் மதிப்பீடும் வேண்டும் என்பதால், பட்டம் எடுத்த கையோடு கீழ்நிலை உறுப்புரிமையில் நுழைகிறவருக்கும் முப்பத்தைந்தில் "ஐயோ" என்று ஓடி வருகிறவருக்கும் நடுவில் பல வருடங்கள் போய்விடும். வெளிநாடு யோசிக்கிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை முழு உறுப்பினரானது இந்த நிறுவனத்தின் ஊடாகத்தான், அது அங்கீகரித்த பட்டப்படிப்புகளுக்கு அவுஸ்திரேலியா, கனடா போன்ற இடங்களில் மதிப்புக் கிடைப்பது அதனால். கணக்காளர் என்றால் கேள்வியே இல்லை, 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் உறுப்புரிமை இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள்: கருத்தரங்குக் கட்டணம், ஆண்டு மாநாடு, சந்தா தவறினால் நிலுவையோடு சேர்த்துக் கட்டித் திரும்ப நுழைவது. வெளிநாட்டு நிறுவனங்களின் உறுப்புரிமை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. சந்தா டொலரிலோ பவுணிலோ, சம்பளம் ரூபாயில். அந்த வருடம் எத்தனை பேர் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளைச் சத்தமில்லாமல் உதிர்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்த கந்தோர்களிலேயே பார்த்தேன்.

மொழி ஆங்கிலம். அது ஒரு வகையில் தடை, ஒரு வகையில் சமதளம்: சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் ஒரே மாதிரித் தடுமாறுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சங்கங்கள் சில நேரம் தொழிலைத் தாண்டியும் பேசும். 2022இல் ஜனாதிபதியின் வீட்டு முன்னால் நடந்த மிரிஹானைப் போராட்டத்தில் கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் காசு வாங்காமல் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அன்று அந்தக் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்தபோது எனக்குச் சட்டம் படிக்காத கவலை வந்தது.

*எப்போது இது சரி:* தொழிலின் முதல் பத்து வருடத்தில் இருந்தால். *எப்போது வேண்டாம்:* நிர்வாகப் பக்கம் முழுதாகப் போய்விட்டு, பெயர்ப்பலகைக்காக மட்டும் கட்டிக்கொண்டிருந்தால்.

## தொழிற்சங்கம்

"தொழிற்சங்கம் எங்களைப் போன்ற ஆட்களுக்கு இல்லை" என்று கழுத்துப்பட்டி கட்டிய நம் ஆட்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு பொன்னம்பலம் அருணாசலம் ஞாபகம் வரும். சிவில் சேவையில் உச்சத்தைத் தொட்ட கொழும்புத் தமிழர். ஓய்வுபெற்ற பின் 1915இல் சமூக சேவைக் கழகம், 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகம், அதே 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். அவருக்குப் பிறகு ஏ. ஈ. குணசிங்க 1922இல் தொழிற்சங்கம் அமைத்து, 1923இல் கொழும்பையே நிறுத்திக் காட்டினார். இந்த நகரத்துக்குச் சங்கம் சேர்வது புதிதில்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான். தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு கையெழுத்து போதும். ஆனால் ஏழு பேரை வைத்துக்கொண்டு முதலாளியை மேசைக்கு இழுக்க முடியாது; 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி, ஊழியர்களில் 40 சதவீதம் பேர் உறுப்பினராக இருந்தால்தான் அவர் பேரம் பேச மறுப்பது சட்டமீறலாகும். இந்த 40தான் முழுக் கணக்கும். அதனால்தான் தொழிற்சங்கத்தில் சந்தா மட்டும் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கே போகாத உறுப்பினருக்கும் பெறுமதி இருக்கிறது. வேறெந்தச் சங்கத்திலும் அப்படி இல்லை.

சாவி என்ன? சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தம். ஒழுக்காற்று விசாரணை வந்தால் நடைமுறை தெரிந்த ஒருவர். வேலை போனால் தொழில் நியாயசபைக்கு உங்கள் சார்பில் சங்கமே விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கட்டும் காசை நினைத்துப் பார்த்தால் இருபது வருடச் சந்தாவும் மலிவு.

செலவையும் சொல்ல வேண்டும். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 பேர் வரை வேலை இழந்தார்கள். அந்தக் குடும்பங்களில் சில எனக்குத் தெரிந்த ஒழுங்கைகளிலேயே இருந்தன, வேலை போன தகப்பன் வீட்டு முன்னறையில் டியூஷன் கொடுத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். இன்றைய தனியார் துறையில் அப்படி ஒரேயடியாக நடக்காது, அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் காணாமல் போகும், அவ்வளவுதான். சட்டப்படி அது தவறு. நிரூபிப்பது யார்?

மொழி பெரும்பாலும் சிங்களம். சுற்றறிக்கை மூன்று மொழியில் வந்தாலும் கிளைக் கூட்டத்தில் பகிடியும் கோபமும் சிங்களத்தில்தான். கட்சி சார்ந்த சங்கமா என்றும் பாருங்கள். மே தினத்தன்று யார் ஊர்வலத்தில் எந்த நிறத் தொப்பியோடு நடக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை.

## பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம்

கொழும்பில் தமிழ் ஆட்கள் அதிகம் சேர்வதும் இதில்தான், அதிகம் முறைத்துக்கொள்வதும் இதில்தான். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொழும்புக் கிளை என்று ஒன்று இருக்கும், அதற்குப் போட்டியாக இலண்டன் கிளையும் கனடாக் கிளையும் இருக்கும், யார் எந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுத்தது என்ற சண்டை கல்வெட்டு வரை போகும்.

சாவி என்று சட்டபூர்வமாக ஒன்றும் இல்லை. ஆனால் வேலை தேடும் பிள்ளைக்கு, வாடகை வீடு தேடுகிறவருக்கு, நல்ல வைத்தியர் யார் என்று கேட்கிறவருக்கு இந்த வலை வேலை செய்யும், அதுவும் வேகமாக. "அவன் எங்கட பள்ளிக்கூடம்" என்ற ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் இருக்கும் கனம் பெரியது. அது நியாயமா என்பது வேறு கேள்வி, பள்ளிக்கூடம் வேறாக இருந்த ஆளைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இனி நான் சொன்ன கணக்கு. பழைய மாணவர் சங்கம் ஒன்றில் ஒரு வருடம் எனக்குப் போனது இது:

- சந்தா: 2,500
- இரவு விருந்து டிக்கெட் இரண்டு: 14,000
- மலருக்கு விளம்பரம், நானே பொருளாளர் என்பதால் மறுக்க முடியாமல்: 10,000
- பொன்னாடை, மலர்வளையம், பங்கு போட்ட அன்பளிப்புகள்: 4,500
- கூட்டங்களுக்கு ஓட்டோ: 9,000

ஆக 40,000. சந்தாவைப் போலப் பதினாறு மடங்கு. இதில் விற்காமல் கையில் மிஞ்சிய டிக்கெட்டுகள் சேரவில்லை, அந்தத் தொகையை மனுசி இதை வாசிப்பார் என்பதால் எழுதவில்லை.

இன்னொரு குறை, பொறுப்பாளர்கள் மாறாமை. தலைவர் அடுத்த வருடம் காப்பாளர், காப்பாளர் அதற்கடுத்த வருடம் மீண்டும் தலைவர். இளைய ஆட்களுக்கு வாட்ஸ்அப் குழு, கதிரை அடுக்குவது, கிரிக்கெட் நாளில் தண்ணீர்ப் போத்தல். பெண்கள் பள்ளிக்கூடங்களின் சங்கங்கள் இதைவிட எவ்வளவோ ஒழுங்காக நடக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

கொழும்புக்குப் புதிதாக வந்து ஒருவரையும் தெரியாத ஆளுக்கு முதல் இரண்டு வருடமும் இது நல்லது. அதற்குப் பிறகு உறுப்பினராக மட்டும் இருங்கள், செயற்குழுவுக்குப் பெயர் சொன்னால் தொலைபேசியை நிறுத்திவிடுங்கள்.

## தமிழ்ச் சங்கமும் அதுபோன்றவையும்

கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது, வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், இன்றைய உருத்திரா மாவத்தையில் இருக்கிறது. அதற்கும் முந்தியது விவேகானந்த சபை, 1897இல் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கிப் போன சூட்டில் 1902இல் உருவானது, சைவ சமயப் பரீட்சை எழுதிய எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். 1930இல் தொடங்கிய சைவ மங்கையர் கழகம் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தி வைத்திருக்கிறது. சங்கம் என்றால் பொன்னாடை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்தக் கடைசி ஒன்றைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தமிழ்ச் சங்கத்தின் சாவி நூலகம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. புத்தகக் கடையில் இல்லாத, அச்சில் இல்லாத இலங்கைப் புத்தகங்களைத் தேடி அங்கே போயிருக்கிறேன். நூல் வெளியீடுகள் சில நேரம் நீளும், ஆறு வாழ்த்துரைக்குப் பிறகு நூலாசிரியரின் ஏற்புரைக்குப் பத்து நிமிடம் மிஞ்சும், அது இந்த நகரத்தின் பொது வியாதி. இங்கே நீங்கள் உங்கள் மொழியிலேயே எழுந்து நின்று "இல்லை" சொல்லலாம், சொல்கிறார்கள், சில நேரம் தேவைக்கு அதிகமாகவே சொல்கிறார்கள்.

விலகுவது சுலபம், செலவு குறைவு. பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று தவிக்கிற ஓய்வுபெற்றவர்களுக்கும் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் இதைவிட மலிவான இடம் காலி வீதியில் இல்லை.

## ரோட்டரி, லயன்ஸ்

கொழும்பில் ரோட்டரி 1929இலிருந்து இருக்கிறது. நல்லதைச் சொல்லிவிடுகிறேன்: போலியோவை ஒழிக்க ரோட்டரி 1985இல் உலகளவில் இறங்கியது, இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அரசாங்கத்தின் தடுப்பூசி வேலைதான் அதில் பெரும்பங்கு, ஆனால் கழகங்களும் கூட நின்றன. ஊர்ச் சங்கத்தால் ஒருபோதும் செய்ய முடியாத அளவு அது.

செலவு என்று பார்த்தால் எல்லாவற்றிலும் கூடியது. உள்ளூர்க் கட்டணம், மாவட்டக் கட்டணம், சர்வதேசக் கட்டணம், ஹோட்டல் சாப்பாடு, கோட்டு. வியாபாரம் செய்கிறவருக்கு இது செலவில்லை, முதலீடு. சம்பளக்காரருக்குச் செலவு. ஓய்வூதியக்காரருக்கு வில்லங்கம்.

## மரணாதாரச் சங்கம்

வெள்ளவத்தை ஆட்கள் இதைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பார்கள், கொட்டாஞ்சேனை, மட்டக்குளித் தோட்டங்களில் இருப்பவர்கள் பார்க்க மாட்டார்கள். மாதம் சின்னத் தொகை. சாவு விழுந்தால் கூடாரம், கதிரை, தேத்தண்ணிச் சாமான், கையில் கொஞ்சக் காசு, இரவு முழிக்க ஆள். நகர நடுத்தர வர்க்கம் இதே வேலைக்கு மலர்ச்சாலைக்கு எவ்வளவு கட்டுகிறது என்று பொரளைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

சேரும்போது இரண்டு கேள்வி: எத்தனை மாதம் நிலுவை விழுந்தால் உரிமை போகும், மாமன் மாமி பட்டியலில் உண்டா. பெரிய சண்டைகள் இந்த இரண்டில்தான் வந்திருக்கின்றன.

## நீங்கள் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் சங்கம்

தொடர்மாடியில் சொந்த வீடு வாங்கியவர்களே, இது உங்களுக்கு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் எல்லாரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். யாரும் உங்களைக் கேட்டுச் சேர்க்கவில்லை, விலகவும் முடியாது, வீட்டை விற்றால்தான் விடுதலை. மாதக் கட்டணம் கட்டாவிட்டால் வழக்கு வரும். மேலே சொன்ன அத்தனை சங்கங்களையும்விட உங்கள் சொத்தின் மேல் அதிகாரம் கூடியது இதுதான், ஆனால் "எந்தச் சங்கத்தில் சேரலாம்" என்று கேட்கிற ஒருவரும் இதைச் சொல்வதில்லை.

எங்கள் பகுதியில் ஒரு விசேஷம், உரிமையாளர்களில் பாதிப்பேர் கனடாவின் ஸ்காபரோவிலும் இலண்டனின் ஹரோவிலும் இருப்பார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேராது. பதிலாள் படிவம் எல்லாம் ஒரே ஆளின் சட்டைப்பையில் இருக்கும், அந்த ஒருவர் நினைத்ததுதான் தீர்மானம். நான் முன்பு இருந்த கட்டடத்தில் பெரிய திருத்தங்களுக்கென்று ஒரு சதமும் ஒதுக்காமல் வருடக்கணக்காகக் கட்டணத்தைக் குறைவாக வைத்திருந்தார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு லிப்ட் நின்றது. ஐந்தரை மாதம். எட்டாம் மாடியிலிருந்த எண்பது வயது அம்மா ஒருவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு நாங்கள் நான்கு பேர் இறங்கிய நாளில், அந்த நான்கு பேரில் ஒருவர்கூட அதற்கு முந்திய இரண்டு கூட்டங்களுக்கும் போகவில்லை என்பது நடுவழியில் மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கும்போதுதான் தெரிந்தது. நானும்தான் போகவில்லை. அன்றைக்குப் பழைய மாணவர் சங்கத்தில் மலர்க்குழுக் கூட்டம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் வாக்கு இல்லை, ஆனால் உரிமையாளரின் பதிலாளாகப் போகலாமா என்று அவரிடம் கேட்கலாம். முகாமைத்துவம் சரியில்லை என்றால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது, முறைப்பாட்டைக் கடிதமாக எழுதி, பிரதி வைத்துக்கொண்டு போங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சாவி | சந்தாவுக்கு மேல் | மொழி | விலகினால் |
|---|---|---|---|---|
| தொழில்வாண்மைச் சங்கம் | பட்டயம், அங்கீகாரம் | கருத்தரங்கு, நிலுவை, டொலர் | ஆங்கிலம் | பெயருக்குப் பின் எழுத்து போகும் |
| தொழிற்சங்கம் | கூட்டுப் பேரம், பாதுகாப்பு | முதலாளியின் முகம் | சிங்களம் | தனி ஆளாவீர்கள் |
| பழைய மாணவர் | ஆட்பலம் | மிக அதிகம் | தமிழ் | மனத்தாங்கல் |
| தமிழ்ச் சங்கம் | நூலகம், மேடை | குறைவு | தமிழ் | ஒன்றுமில்லை |
| ரோட்டரி, லயன்ஸ் | பெரிய திட்டம், வியாபாரத் தொடர்பு | எல்லாவற்றிலும் கூட | ஆங்கிலம் | ஒன்றுமில்லை |
| மரணாதாரம் | அந்த ஒரு நாள் | ஏறக்குறைய இல்லை | கலப்பு | கட்டியது போச்சு |
| தொடர்மாடிக் கூட்டுத்தாபனம் | உங்கள் வீடு | லிப்ட் | கலப்பு | முடியாது |

அட்டவணையில் அடங்காத ஒன்று: பொலிஸ் கூட்டிக்கொண்டு போகும் நாள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழக்குப் போட்டது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், சந்தா கட்டி உறுப்பினராகும் சங்கமே இல்லாத ஒரு அமைப்பு. எங்கள் ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அன்று தொலைபேசியில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தன. குறை சொல்லவில்லை, பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அப்படியான அமைப்புகள் நன்கொடை கேட்டால் இரவு விருந்து டிக்கெட் ஒன்றின் காசையாவது கொடுக்கலாம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

## மூன்று பேருக்கும்

தம்பி, எஞ்சினியர்மாரின் நிறுவனத்தில் இந்த மாதமே சேர். உன் வயதில் அந்த மணிக்கூடு ஓடத் தொடங்குவது முக்கியம். பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு வருடம் ஒரு முறை போ, சாப்பிடு, எந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போடாதே.

அக்கா, முதலில் உங்கள் வங்கியின் கூட்டு ஒப்பந்தம் எந்தத் தரம் வரைக்கும் செல்லும் என்று வாசியுங்கள். உங்கள் புதிய பதவி அதற்கு வெளியே என்றால் விலகுவது துரோகம் இல்லை, அந்தத் தரத்துக்கு வேறு சங்கம் உண்டா என்று பாருங்கள். உள்ளே என்றால் விலக வேண்டாம். பதவி உயர்வுக்காக விலகிய இரண்டு பேரை எனக்குத் தெரியும், ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை, இரண்டு பேருக்கும் பிறகு விசாரணை வந்தபோது பக்கத்தில் இருக்க ஆளில்லை.

ஐயா, தமிழ்ச் சங்கம். லயன்ஸ் நண்பரிடம் கண் சிகிச்சை முகாமுக்குத் தொண்டராக வருகிறேன் என்று சொல்லுங்கள், உறுப்பினர் இல்லாமலும் கூப்பிடுவார்கள். அம்மாவையும் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் இருக்கட்டாம் என்று சொன்னதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம்.

எனக்கு இப்போது மூன்று சங்கம்தான். வருகிற ஞாயிறு எங்கள் தொடர்மாடிக் கூட்டம், பத்து மணிக்குக் கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடத்தில். அறிவித்தலை லிப்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள், கட்டணத்தைக் கூட்டும் யோசனை இருக்கிறதாம். பக்கத்து வீட்டு அண்ணர் எதிர்க்கப் போவதாகச் சொல்கிறார். நான் ஆதரிக்கப் போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.